சுவருக்கு இந்தப் பக்கம்: உருதுச் சிறுகதையில் ஆண் ஆதிக்கமும் அது குடியிருக்கும் வீடும்

ஃபரிதாபாத்திலிருந்து டில்லிக்கு ஒரு ரயில் பயணம். கணவரோடு ஊர் பார்க்கக் கிளம்புகிறாள் மலிகா பேகம். அவள் பழகும் பெண்களில் ரயிலேறிய முதல் ஆள் அவள்தான். டில்லி ஸ்டேஷனில் இறங்கியதும் கணவருக்குத் தெரிந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் எதிர்ப்படுகிறார். கணவர் அவரோடு போய்விடுகிறார். புர்காவுக்குள் மூடிக்கொண்டு, மூட்டை முடிச்சுகளின் மேல் மலிகா பேகம் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கிறான், ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறான். நெடுநேரம் கழித்துக் கணவர் வருகிறார். பசிக்கிறதா, பூரி வாங்கி வரவா என்று கேட்கிறார். அவர் ஹோட்டலில் சாப்பிட்டாகிவிட்டது. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறாள் அவள். டில்லியில் அவள் பார்த்தது அந்தப் பிளாட்பாரம் மட்டும்தான்.

ரஷீத் ஜஹான் எழுதிய 'தில்லி கீ ஸைர்' (டில்லி உலா) என்ற இந்தக் கதை மூன்று நான்கு பக்கம்தான் இருக்கும். இதில் அடி இல்லை, வசவு இல்லை. பசிக்கிறதா என்றுகூடக் கேட்கிறார் அந்த மனிதர். கேட்டால், மனைவியை நன்றாகத்தான் வைத்திருக்கிறேன் என்று மனதார நம்பிச் சொல்வார். உருதுச் சிறுகதையில் ஆண் ஆதிக்கம் என்றதும் நமக்கு சாதத் ஹசன் மண்ட்டோவின் கதைகளில் வரும் ரத்தமும் கத்தியும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த மொழியின் பெரிய கதைகளைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. அவற்றில் கொடியவன் அபூர்வம். சாதாரணமான, பல சமயம் நல்லவனான ஒரு ஆண் இருக்கிறான். அவனைச் சுற்றி ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு ஊர் அமைந்திருக்கிறது. அவன் கையை ஓங்காமலே எல்லாம் அவனுக்காக நடந்துவிடும்படி அந்த அமைப்பு வேலை செய்கிறது. உருது எழுத்தாளர்கள் நுணுக்கமாகப் பதிவு செய்தது இந்த அமைப்பைத்தான்.

அந்த வீட்டை முதலில் பார்த்துவிடலாம். வட இந்தியாவில் 'ஷரீஃப்' குடும்பம், அதாவது கௌரவமான குடும்பம், என்றால் வீடு இரண்டாகப் பிரிந்திருக்கும். வெளிப்பகுதி மர்தானா. ஆண்கள் உட்காருவது, விருந்தாளிகள் வருவது, கவிதை வாசிப்பது, வழக்குப் பேசுவது எல்லாம் அங்கே. உள்பகுதி ஜனானா. உயரமான சுவர், நடுவே முற்றம், முற்றத்தைப் பார்த்த தாழ்வாரம். ஆண் இரண்டு பக்கமும் போய் வருவான். பெண்ணுக்கு ஒரு பக்கம்தான். வெளியே போனால் திரை போட்ட டோலியில் போக வேண்டும், பிற்காலத்தில் புர்காவுக்குள். 1857 கலகத்துக்குப் பிறகு டில்லியிலும் லக்னோவிலும் இந்தக் குடும்பங்களின் அதிகாரமும் சொத்தும் சரிந்தன. வெளியே இழந்த கௌரவத்தை உள்ளே காப்பாற்றும் பொறுப்பு பெண்கள் தலையில் விழுந்தது. 1869ல் வந்த நஸீர் அகமதின் 'மிர்ஆத்துல் உரூஸ்' நாவலில் அக்பரி, அஸ்கரி என்று இரண்டு சகோதரிகள். ஒருத்தி குடும்பத்தைக் கெடுப்பவள், இன்னொருத்தி நிமிர்த்துபவள். குடும்பம் விழுந்தாலும் எழுந்தாலும் பெண்ணால்தான் என்பது அதன் பாடம். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு உருதுப் புனைகதை இந்தப் பாடத்தையே கொஞ்சம் மாற்றி மாற்றி நடத்திக்கொண்டிருந்தது.

1932 டிசம்பரில் லக்னோவில் வெளியான 'அங்காரே' (தணல்கள்) என்ற தொகுப்பு இதைக் கலைத்துப் போட்டது. சஜ்ஜாத் ஸஹீர், அகமத் அலி, ரஷீத் ஜஹான், மஹ்மூதுஸ் ஸஃபர் என்று நான்கு இளைஞர்களின் பத்துப் படைப்புகள் அதில் இருந்தன. மதத்தை இழிவுபடுத்துகிறது என்று கூட்டங்கள் நடந்தன, கண்டனத் தீர்மானங்கள் போட்டார்கள். 1933 மார்ச்சில் ஐக்கிய மாகாண அரசு புத்தகத்தைத் தடை செய்தது. நால்வரில் ரஷீத் ஜஹான் ஒருவர்தான் பெண். மிரட்டல்களும் அவருக்குத்தான் அதிகம் வந்தன. 'அங்காரேவாலி' என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

அவர் டில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் படித்த மருத்துவர். தொகுப்பில் அவருடைய இன்னொரு படைப்பு, 'பர்தே கே பீச்சே' (திரைக்குப் பின்னால்) என்ற ஓரங்க நாடகம். வருடா வருடம் பிரசவம், நோய், கணவன் இன்னொரு திருமணம் செய்துகொள்வானோ என்ற பயம். இதையெல்லாம் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் நாடகம். பெண்ணின் உடம்பை உவமைகளாலேயே பார்த்துப் பழகிய ஓர் இலக்கியத்தில், அதே உடம்பை நோயாளியின் உடம்பாகப் பார்த்தது மருத்துவரின் கண். அந்தத் தொகுப்பில் மஹ்மூதுஸ் ஸஃபர் எழுதிய கதையின் பெயரே 'ஜவான்மர்தீ', அதாவது ஆண்மை. மனைவி நோயாளி. கணவனின் ஆண்மையைப் பற்றி ஊரில் பேச்சு கிளம்புகிறது. ஊர் வாயை அடைக்க அவளைக் கர்ப்பமாக்குகிறான். பிரசவத்தில் அவள் இறந்துபோகிறாள். இதை எழுதியது ஒரு ஆண், சொல்வதும் அந்தக் கணவனே. அவனைத் தள்ளியது வெறுப்புகூட இல்லை, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கவலை. இந்தக் கதை இன்னும் அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்புறம் இஸ்மத் சுக்தாய் வருகிறார். ரஷீத் ஜஹானைத் தன் முன்னோடி என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். ரஷீத் ஜஹான் வாசலைத் திறந்து காட்டினார் என்றால், சுக்தாய் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். ஜனானாப் பெண்களுக்கென்றே தனியாக ஒரு பேச்சுமொழி இருந்தது. 'பேகமாத்தி ஸபான்' என்பார்கள். அதில் சாபம், கிண்டல், பழமொழி, சாடைப்பேச்சு எல்லாம் கொட்டிக் கிடக்கும். வெளியே போக முடியாத பெண்கள் தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே தீட்டித் தீட்டி வைத்திருந்த மொழி அது. சுக்தாய் கதை முழுவதையும் அந்த மொழியில் சொன்னார்.

அவருடைய 'லிஹாஃப்' (போர்வை) 1942ல் லாகூரின் 'அதபே லதீஃப்' இதழில் வந்தது. ஆபாச வழக்கு லாகூர் நீதிமன்றம் வரை போனது. மண்ட்டோவும் தன் 'பூ' (வாடை) கதைக்காக அதே காலத்தில் அங்கே நிறுத்தப்பட்டார். ஆபாசமான சொல் இன்னது என்று காட்ட முடியாமல் வழக்கு தோற்றது. இதையெல்லாம் பலரும் அறிவார்கள். கதையின் தொடக்கத்தை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நவாப் சாகிப் ஊரே மதிக்கும் மனிதர். ஹஜ் போனவர், பிறரையும் அனுப்பி வைத்தவர். அவர் வீட்டில் தாசி என்று ஒருத்தியைக் கண்டவர் கிடையாது. அவருக்கு ஒரே ஒரு பிரியம்: வெளுத்த, ஒல்லி இடை கொண்ட இளம் மாணவர்களைத் தன் செலவில் வீட்டில் வைத்திருப்பது. பேகம் ஜானைத் திருமணம் செய்துகொண்டு, வீட்டுச் சாமான்களோடு சாமானாக அவளையும் வைத்துவிட்டு மறந்துபோகிறார். பேகம் ஜான் கதவிடுக்கு வழியே அந்த இளைஞர்களைப் பார்த்துப் பார்த்துப் புழுங்குகிறாள். ரப்போ என்ற வேலைக்காரி அவள் வாழ்க்கைக்குள் வருவதும், சுவரில் போர்வையின் நிழல் யானை போல அசைவதும் அதற்குப் பிறகுதான்.

எண்பது வருடமாக எல்லோரும் அந்தப் போர்வையையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். நவாபின் ஆசை மர்தானாவில், பகல் வெளிச்சத்தில், தர்மம் என்ற பெயரில் நடக்கிறது. பேகம் ஜானின் ஆசைக்கு இருட்டும் போர்வையும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சுவர். ஒரு சிறுமியை வைத்துக் கதை சொல்ல வைத்ததால் சுக்தாய் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. சிறுமி பயந்தாள், பார்த்தாள், சொன்னாள். அந்தப் பயத்துக்கும் காரணம் உண்டு. ரப்போ ஊரில் இல்லாத ஒரு நாள் பேகம் ஜானின் கை அந்தக் குழந்தை மேலேயே நீள்கிறது. அமைப்பால் நசுக்கப்பட்டவள் தன்னைவிடச் சின்னதை நசுக்கத் தயங்கவில்லை என்பதையும் சுக்தாய் மறைக்கவில்லை.

'லிஹாஃப்' பெயர் வாங்கியது. ஆனால் என் மனதில் ஆழமாக இறங்கியது 'சௌத்தி கா ஜோடா'தான். சௌத்தி என்றால் திருமணத்தின் நான்காம் நாள், ஜோடா என்றால் அன்றைக்கு மணப்பெண் உடுத்தும் உடை. குப்ராவின் அம்மா துணி வெட்டுவதில் கைதேர்ந்தவள். துணி போதாமல் போனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளிடம்தான் வருவார்கள். தாழ்வாரத்துச் சௌக்கியில், அதாவது மரப்பலகை மேடையில், துணியை விரித்து, இழுத்து, மடித்து, கண்ணாலேயே அளந்து, எங்கிருந்தோ ஒரு சாண் துணியை மீட்டெடுத்துவிடுவாள். ஊருக்கெல்லாம் கல்யாண உடை வெட்டிக் கொடுத்த கை அது. கஃபனும், அதாவது பிணத்தைப் போர்த்தும் துணியும், வெட்டிய கை. அவள் மகள் குப்ராவுக்கு மட்டும் வரன் அமையவில்லை. அப்பா இல்லை, பணமும் இல்லை.

மாமா மகன் ராஹத் போலீஸ் பயிற்சிக்காக அந்த ஊருக்கு வந்து இவர்கள் வீட்டில் தங்குகிறான். வீட்டில் மிச்சமிருந்த சின்னச் சின்ன நகைகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. அவன் தட்டில் பராட்டாவும் கோஃப்தாவும் விழுகின்றன. வீட்டுப் பெண்கள் வெறும் ரொட்டியைத் தண்ணீரோடு விழுங்குகிறார்கள். பர்தாவில் இருக்கும் குப்ரா அவன் முன்னால் வர முடியாது. அவன் சட்டையைத் துவைக்கிறாள், அறையைப் பெருக்குகிறாள், ஸ்வெட்டர் பின்னுகிறாள். எல்லாம் அவன் கண்ணில் படாமல். அவன் பார்ப்பது தங்கை ஹமீதாவை. ஒரு நாள் அவளைப் பாழாக்குகிறான். பிறகு, வீட்டில் திருமணத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்று நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். காசநோயில் குப்ரா சாகிறாள். மறுபடி அதே சௌக்கி, அதே பெண்கள் கூட்டம். அம்மா வெள்ளைத் துணியை விரித்து வெட்டுகிறாள்.

இந்தக் கதையில் ராஹத்துக்கு வசனம் மிகக் குறைவு. அவன் சாப்பிடுகிறான், அவ்வளவுதான். அவனைச் சுற்றி ஒரு வீடே கரைந்துபோவதற்கு அவன் எதையும் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. திருமணம் ஒன்றுதான் பெண்ணுக்கு வாழ வழி என்று இருக்கும் இடத்தில், திருமணம் செய்யக்கூடிய நிலையில் ஒரு ஆண் சும்மா இருந்தாலே போதும். தராசு தானாகச் சாய்ந்துவிடுகிறது.

சுக்தாயின் 'கர்வாலி'யும் (வீட்டுக்காரி) இதே தடத்தில் வருகிறது. வேலைக்காரி லாஜோ லெஹங்கா கட்டிக்கொண்டு தெருவெல்லாம் திரிபவள். மிர்ஸா அவளை நிக்காஹ் செய்துகொண்டதும் முதல் வேலையாக லெஹங்காவைப் பிடுங்கி, இறுக்கமான பைஜாமா போட வைக்கிறான். அவள் இன்னொருவனோடு பழகியது தெரிந்ததும் அடித்துத் தலாக் சொல்லிவிடுகிறான். இதிலே மானம் போச்சே என்று புழுங்குகிறவனுக்குக் கடைசியில் ஒரு நியாயம் கிடைக்கிறது. அவள் முறைதவறிப் பிறந்தவள், ஆகவே அந்த நிக்காஹே செல்லாது, ஆகவே மானமும் போகவில்லை. கொஞ்ச நாளில் லாஜோ பழைய லெஹங்காவோடு அதே வீட்டு வேலைக்குத் திரும்பி வந்துவிடுகிறாள். மனைவி என்ற பட்டத்தை இழந்த பிறகுதான் அவளால் மூச்சுவிட முடிகிறது.

வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்தாலும் கட்டமைப்பு மாறுவதில்லை. குலாம் அப்பாஸின் 'ஆனந்தி'யில் நகராட்சிக் கூட்டம் நடக்கிறது. பேசுகிறவர்கள் எல்லோரும் ஊர்ப் பெரிய மனிதர்கள். தாசிகளை ஊருக்கு வெளியே அனுப்பத் தீர்மானம் நிறைவேறுகிறது. அவர்கள் போன பொட்டலில் கடை வருகிறது, மசூதி வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, கடைசியில் ஒரு நகரமே வந்துவிடுகிறது. இருபது வருடம் கழித்து அந்தப் புது நகரத்தின் நகராட்சி கூடி, இவர்களை வெளியே அனுப்ப வேண்டும் என்று விவாதிக்கிறது. ஷ்யாம் பெனகல் 1983ல் இதிலிருந்துதான் 'மண்டி' படத்தை எடுத்தார்.

மண்ட்டோவின் 'ஹதக்' (அவமானம்) பம்பாயில் நடக்கிறது. சுகந்தி என்ற பாலியல் தொழிலாளி தலைவலியோடு படுத்திருக்கிறாள். பக்கத்து அறையில் ஒரு மதராஸிப் பெண். புருஷன் மோட்டாரில் அடிபட்டுச் செத்துப்போய், வயதுக்கு வந்த மகளோடு ஊர் திரும்பக் கையில் காசில்லாமல் நிற்கிறாள். அவளுக்குக் கொடுக்கலாமே என்றுதான் சுகந்தி நள்ளிரவில் எழுந்து புடவை மாற்றிக்கொண்டு இறங்குகிறாள். காரிலிருந்த சேட் டார்ச்சை அவள் முகத்தில் அடித்துப் பார்க்கிறான். 'ஊஹூம்' என்று ஓர் ஒலி. கார் போய்விடுகிறது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு ஒலி அவளைச் சுக்குநூறாக்குகிறது. சுவரில் மாட்டியிருந்த ஆண்களின் போட்டோக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னல் வழியே எறிகிறாள். காதலன் என்று சொல்லிக்கொண்டு அவள் காசில் வாழ்ந்த மாதோவை விரட்டுகிறாள். பிறகு தன் சொறிநாயைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். அந்த மதராஸிப் பெண்ணையும் அவள் மகளையும் நம்மில் பலர் வாசித்துவிட்டு மறந்திருப்போம். ஆண் கைவிட்ட இரண்டு பெண்களை இன்னொரு பெண் தூக்கிவிடப் பார்த்தாள் என்பதில்தான் கதையின் அவமானம் இத்தனை கனக்கிறது.

மண்ட்டோ மேல் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. 'டண்டா கோஷ்த்'தில் (குளிர்ந்த இறைச்சி) பிரிவினைக் கலவரத்தின்போது ஈஷர் சிங் தூக்கிச் சென்ற பெண் ஏற்கெனவே பிணம். அந்த அதிர்ச்சியில் அவன் ஆண்மையை இழக்கிறான். கதை முழுக்க அந்த இழப்பைச் சுற்றியே ஓடுகிறது. செத்துப்போன பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. கொடுமையின் ஆழத்தை ஆணின் உடம்பை வைத்து அளக்கிற இடத்தில் மண்ட்டோவும் தன் காலத்து ஆணாகவே நின்றுவிட்டார் என்று தோன்றுகிறது. 'கோல் தோ'வில் ('திற') அவர் அப்படி நிற்கவில்லை. அமிர்தசரஸிலிருந்து கிளம்பிய ரயில் எட்டு மணி நேரம் கழித்து லாகூர் அருகே முகல்புரா வந்து சேர்கிறது. சிராஜுத்தீன் மகளைத் தேடுகிறார். கோட்டுப் பையில் அவள் துப்பட்டா இருக்கிறது. ஓடும்போது விழுந்தது. விட்டுவிடுங்கள் அப்பா என்று அவள் கத்தியும் நின்று எடுத்தார். துப்பட்டாவைக் காப்பாற்றினார், மகள் தொலைந்துபோனாள். பிறகு சொந்த சமூகத்துத் தொண்டர்களே அவளைக் கண்டுபிடிக்கிறார்கள். துப்பட்டா இல்லாமல் கூச்சப்படுகிறாளே என்று ஒருவன் தன் கோட்டைக் கழற்றிக் கொடுக்கிறான். அந்தத் தொண்டர்கள்தான் அவளைச் சிதைத்தவர்கள். இறுதியில், ஜன்னலைத் திற என்று டாக்டர் சொன்னதும் அவள் கை தானாக எங்கே போகிறது என்பதை இங்கே நான் விவரிக்கப் போவதில்லை. 1948ல் இதை வெளியிட்ட 'நுகூஷ்' இதழை அரசு ஆறு மாதம் நிறுத்திவைத்தது.

இதையெல்லாம் முஸ்லிம் சமூகத்தின் குறை என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. உருது ஒரு மதத்தின் மொழியாக இருந்ததில்லை. பிரேம்சந்தின் 'கஃபன்' 1935ல் முதலில் உருதுவில்தான் வந்தது. பிரசவ வலியில் புதியா உள்ளே கத்துகிறாள். அவள் கணவனும் மாமனாரும் வெளியே சுட்ட உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். எழுந்து போனால் மற்றவன் அதிகம் தின்றுவிடுவான் என்று இருவருக்கும் பயம். அவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். வறுமையின் அடித்தட்டில்கூட இன்னும் ஒரு படி கீழே பெண்ணுக்கென்று இடம் இருந்தது. ஹைதராபாத் ஜமீன் மாளிகைகளை எழுதிய வாஜிதா தபஸ்ஸுமின் 'உத்ரன்' (உடுத்திக் கழித்த உடை) கதையில் எஜமானியின் பழைய உடைகளையே உடுத்தி வளர்ந்த பணிப்பெண், எஜமானியின் மாப்பிள்ளையைத் திருமணத்துக்கு முன்பே அடைந்து பழி தீர்க்கிறாள். அங்கே வர்க்கமும் பாலினமும் ஒரே முடிச்சில் இறுகிக் கிடக்கின்றன.

ராஜிந்தர் சிங் பேதியின் 'லாஜ்வந்தி'யைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பிரிவினையின்போது இந்தியாவில் சுமார் 50,000 முஸ்லிம் பெண்களும் பாகிஸ்தானில் சுமார் 33,000 இந்து, சீக்கியப் பெண்களும் கடத்தப்பட்டதாக அன்றைய அதிகாரபூர்வ மதிப்பீடு. அவர்களை மீட்க இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. 1949ல் இந்தியா சட்டமே இயற்றியது. திரும்ப விருப்பமா என்று பெண்ணைக் கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. திரும்பியவர்களில் பலரைக் குடும்பங்கள் ஏற்கவில்லை.

பேதியின் சுந்தர்லால் லூதியானாக்காரன். மனைவி லாஜ்வந்தி, சுருக்கமாக லாஜோ, கடத்தப்பட்டவள். மீண்டு வரும் பெண்களை மனதில் குடியேற்றுங்கள் என்று விடியற்காலையில் தெருத்தெருவாகப் பாடிப்போகும் குழுவின் செயலாளர் அவன்தான். ராமன் சீதையை அனுப்பிய கதையைச் சொல்லி வாயடைக்கப் பார்ப்பவரை எதிர்த்து, சீதை என்ன தவறு செய்தாள் என்று கேட்கிறவன். முன்பு லாஜோவை அடிப்பவனாக இருந்தான். அதை நினைத்து இப்போது வருந்துகிறான். இதைவிட நல்லவனை உருதுக் கதைகளில் தேடினாலும் கிடைக்காது.

லாஜோ வந்துசேர்கிறாள். துப்பட்டாவை முஸ்லிம் பெண்கள் போலப் போட்டிருக்கிறாள். முன்பைவிட உடம்பு தேறியிருக்கிறாள். சுந்தர்லாலுக்கு உள்ளே ஏதோ உறுத்துகிறது, ஆனாலும் ஏற்றுக்கொள்கிறான். ஒரே ஒரு முறை கேட்கிறான், அவன் யார் என்று. ஜும்மா என்கிறாள். நன்றாக வைத்துக்கொண்டானா? ஆமாம். அடித்தானா? இல்லை, ஆனாலும் அவனிடம்தான் எனக்குப் பயம் அதிகம். நீங்கள் அடிப்பீர்கள், ஆனால் உங்களிடம் பயந்ததில்லை. இனி அடிக்க மாட்டீர்களே? சுந்தர்லால் கண் கலங்குகிறான். இல்லை தேவி, இனி அடிக்க மாட்டேன்.

தேவி. அந்தச் சொல்லோடு லாஜோ முடிந்துபோகிறாள். நடந்ததையெல்லாம் சொல்லி அழுது தீர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தவிப்பு. போனது போகட்டும், உன் மேல் என்ன தப்பு என்று பெருந்தன்மையோடு அவன் அவள் வாயை அடைத்துவிடுகிறான். கேரட்டுக்குச் சண்டை போட்டு, முள்ளங்கிக்குச் சமாதானமாகிற பழைய லாஜோவாக இருக்க அவளுக்கு ஆசை. அவனோ கண்ணாடிப் பொருள் போல அவளைத் தொடத் தயங்குகிறான். குடியேறியும் குடிபெயர்ந்தவளாகவே அவள் நின்றுவிடுகிறாள்.

இதைப் படித்து முடிக்கும்போதெல்லாம் எனக்கு மலிகா பேகம் நினைவுக்கு வருவாள். 'தில்லி கீ ஸைர்' கதையை அவளேதான் சொல்கிறாள். ஊருக்குத் திரும்பிய பிறகு, பெண்கள் சுற்றி உட்கார்ந்து, நெருக்கியடித்துக்கொண்டு, டில்லியில் என்ன பார்த்தாய் என்று கேட்க, பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த கதையைச் சொல்கிறாள். சுவருக்குள் அடைபட்ட அந்த ஜனானாவில் அவளுக்குக் கேட்க ஆள் இருந்தது. லாஜோவுக்கு அருகில் இருந்தது சுந்தர்லால் மட்டும்தான்.